துண்டுக்காரரின் கல்

துண்டை உருவித் திரையின்மேல் போட்ட பிறகுதான் வருவது யாருடைய போட் என்று பார்த்தார். இடது கை ஸ்டீயரிங்கை விடவில்லை. வலது கை தோளுக்குப் போய், துண்டை இழுத்து, ஜி.பி.எஸ். பெட்டியை மூடிவிட்டுப் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கொசு அடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. தூரத்தில் வந்தது போட் இல்லை. கயிறு அறுந்து மிதந்த ஒரு பழைய மிதவை. அலையில் ஏறி இறங்கியதால் அப்படித் தெரிந்திருக்கிறது.

"மிதவைக்குமா மறைக்கணும், அத்தான்?" என்றான் மச்சான், பின்பக்கம் தூண்டில் கயிற்றின் சிக்கைப் பிரித்துக்கொண்டே.

"அதுக்கு வாய் இல்லன்னு உனக்கு யார் சொன்னது?"

அவரைத் துறைமுகத்தில் துண்டுக்காரர் என்பார்கள். நேரில் பேசும்போது வெறும் துண்டு. போட் அவருடையது, ஓட்டுவதும் அவர்தான். கூட வரும் ஒரே ஆள் மனைவியின் தம்பி. வேலை தெரிந்த ஆட்கள் துறைமுகத்தில் எத்தனையோ பேர் கிடைப்பார்கள். ஆனால் அவர்கள் நாளைக்கு வேறு போட்டில் ஏறுவார்கள், ஏறும்போது கண்ணையும் கூடவே கொண்டுபோவார்கள். மச்சான் எங்கே போனாலும் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்குத்தான் வந்தாக வேண்டும்.

மறைப்பதற்குக் காரணம் உண்டு. வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள்கள் போட் நிற்கும் இடத்தை இரண்டு வரி எண்களாகத் திரையில் எழுதிக் காட்டும். மேல் வரி ஒன்று, கீழ் வரி ஒன்று. மீன் கிடைத்த இடத்தில் பட்டனை அமுக்கினால் அந்த இடம் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பெயர் பாயிண்ட். மறுபடி வேண்டும்போது பனியோ மழையோ, நேராக அதன் தலையில் போய் நிற்கலாம். யாருடைய கண்ணிலாவது அந்த இரண்டு வரி பட்டுவிட்டால் அவனும் நிற்கலாம். மனை வாங்கினால் வேலி போடலாம், கடலில் என்ன செய்வது? அதனால்தான் துண்டு போடுகிறேன் என்பார், பஸ்ஸில் சீட் பிடிப்பவரைப்போல.

துண்டைத் தாண்டியும் ஒரு காவல் வைத்திருந்தார். பாயிண்டுக்குப் பக்கத்தில் அடையாளமாகப் போட்டுக்கொள்ள அந்தப் பெட்டியில் குட்டிக்குட்டிப் படங்கள் உண்டு. மீன், நங்கூரம், மரம், வீடு, மண்டையோடு. மற்ற டிரைவர்கள் மீன் கிடைத்த இடத்தில் மீன் படத்தைப் போடுவார்கள். துண்டுக்காரர் ஒன்றுமே கிடைக்காத இடங்களில் மீன் படத்தைப் போட்டு வைத்திருந்தார். பெட்டியை யாராவது திருடிக்கொண்டு போனாலும் அந்த மீன்களின் பின்னால் அலைந்து டீசலைத் தீர்க்கட்டும் என்று ஏற்பாடு. நல்ல இடங்களுக்கு மரம். தூண்டில் அறுகிற இடத்துக்கு வீடு. "வீட்டுக்குப் போனா ஏதாவது ஒண்ணு அறுந்துதானே வருது" என்று மச்சானிடம் விளக்கம் சொல்லியிருந்தார். மச்சான் அதை அக்காவிடம் சொல்லிவிட்டதால் இரண்டு நாள் அவருக்குச் சூடாக டீ கிடைக்கவில்லை.

மண்டையோடு ஒன்றே ஒன்றுதான். அதுதான் இருப்பதிலேயே சிறந்த இடம்.

அது கிடைத்த கதையைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவேண்டியதில்லை. இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அவரே சொல்வார். பெட்டியில் சிவப்பாக ஒரு பட்டன் இருக்கிறது, ஆள் தண்ணீரில் விழுந்தால் அமுக்குவதற்கு. அமுக்கினால் விழுந்த இடத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, திரும்பிப் போகும் வழியைக் காட்டும். ஒருநாள் மச்சானின் கையிலிருந்து புது வாளி நழுவிவிட்டது. கடையிலிருந்து வாங்கி வந்து ஒரு நாள்கூட ஆகாத வாளி. துண்டுக்காரர் யோசிக்காமல் சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டார். பெட்டி அலறிக்கொண்டு வழிகாட்டியது. வாளியைத் தேடி அங்கே சுற்றி வந்தபோது, ஆழம் காட்டும் கருவியில் சமமாக ஓடிக்கொண்டிருந்த கோடு திடீரென்று மேலே ஏறி, ஒரு மேடு காட்டி, இறங்கியது. சுற்றிலும் மைல் கணக்கில் வெறும் மணல். நடுவில் ஒரு வீடு அகலத்துக்குக் கல். மீனெல்லாம் அந்த ஒரு கல்லில்தான் குடியிருந்தது. வாளி போனது போனதுதான்.

"ஆள் விழுந்தா அமுக்கற பட்டனை வாளிக்கு அமுக்கின மனுஷன்" என்று மனைவி சொல்வாள். மற்றவர்கள் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அவள் சொல்லும்போது பதக்கத்தை வாங்கிக்கொள்பவரைப்போல நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

திரையை மறைத்துவிடலாம். வயர்லெஸ்ஸை மறைக்க முடியாது. கடலில் இருக்கும் எல்லா போட்டும் ஒரே சேனலில்தான் பேசும், கரையில் வீடுகளிலும் அது கேட்கும். "துண்டு, எங்கய்யா நிக்கற?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. அவர் உடனே எண்ணைச் சொல்வார், தயங்காமல், தசமப் புள்ளியோடு. எல்லாம் பொய். சந்தேகப்பட்டு மறுபடி கேட்டால் இன்னொரு எண் வரும். மூன்றாவது தடவை கேட்டால் கடலின் இன்னொரு மூலைக்குப் போயிருப்பார்.

"ஒரே பொய்யாச் சொன்னாத்தான் என்ன? மாத்தி மாத்திச் சொல்றதாலதான் மாட்டிக்கறீங்க" என்று மச்சான் ஒருதடவை சொல்லிப் பார்த்தான்.

"சொன்ன பொய்யை ஞாபகம் வெச்சுக்கிட்டு அலையச் சொல்றியா? மண்டை என்னத்துக்கு ஆகும்? பொய்யை அப்பப்பச் சுடச்சுடச் சொல்லிட்டு மறந்துடணும்."

துறைமுகத்தில் இதைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். துண்டு வடக்கு என்றால் தெற்கே போ. அது அவருக்கும் தெரியும். தெரிந்ததில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இத்தனை டிரைவர்கள் தன் வாயைப் பார்த்துத் திசையை முடிவு செய்கிறார்கள் என்றால் அது ஒரு மதிப்புதானே என்று நினைத்தார்.

மனைவி வீட்டில் சட்டை தைப்பவள். தையல் மெஷினுக்கு மேலே, நூல்கண்டு டப்பாக்களுக்கு நடுவில், அலமாரியில் ஒரு வயர்லெஸ் பெட்டி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். காலர் தைத்தபடி கணவன் சொல்லும் எண்களைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் பேசவேமாட்டாள். பட்டனை அமுக்கினால் மெஷின் சத்தம் கடல் முழுவதும் கேட்கும் என்று கூச்சம்.

மிதவையைப் பார்த்துத் துண்டு போட்ட அன்று அவர்கள் மண்டையோட்டின் மேல்தான் நின்றிருந்தார்கள். காலை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மீன் நன்றாகவே கடித்துக்கொண்டிருந்தபோது நீரோட்டம் திரும்பியது. போட் கல்லைச் சுற்றி மறுபக்கத்துக்குப் போய் நின்றது. அந்தப் பக்கம் கல்லுக்கு ஒரு விளிம்பு உண்டு, கீழே குடைந்து வாய் பிளந்த மாதிரி. நங்கூரம் அதற்குள் போய்ச் சிக்கிக்கொண்டது.

துண்டுக்காரர் எஞ்சினைப் போட்டு, நங்கூரத்தை எதிர்ப்பக்கமாக இழுத்து விடுவிக்கப் பார்த்தார். கயிறு தளர்ந்தது. தளர்ந்த கயிற்றை அலை பின்பக்கம் தள்ளியது. மச்சான் "நிறுத்துங்க" என்று கத்துவதற்குள் போட்டின் அடியில் சுழலும் காற்றாடி அதைச் சுருட்டி உள்ளே இழுத்துக்கொண்டது. எஞ்சின் இருமி நின்றது. இப்போது போட் பின்பக்கமாகக் கட்டப்பட்டு அலையில் குதித்துக்கொண்டிருந்தது.

மச்சான் கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினான். இதற்கு முன்னாலும் இறங்கியிருக்கிறான். "ரெண்டு இழுப்பு அத்தான், வந்துடுவேன்" என்றான். கயிற்றை முக்கால்வாசி அறுத்திருப்பான். ஒரு பெரிய அலை போட்டின் பின்பக்கத்தைத் தூக்கி, அவன்மேலேயே இறக்கியது. காற்றாடியின் இறக்கை தொடையைக் கிழித்துவிட்டது.

மச்சானைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் போட்டதில் துண்டுக்காரருடைய முதுகு பிடித்துக்கொண்டது. அதைக் கவனிக்க நேரமில்லை. ரத்தம் பலகை இடுக்குகளில் ஓடியது. கைக்கு எட்டிய துணி ஜி.பி.எஸ். மேல் கிடந்த துண்டுதான். அதை எடுத்துத் தொடையைச் சுற்றி, ஒரு ஸ்பானரைச் செருகி முறுக்கிக் கட்டினார். மச்சானைக் கேபினுக்குள் இழுத்துச் சாய்த்தார். அவன் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. கண் எதிரே திறந்து கிடந்த திரையைப் பார்த்தான்.

"அத்தான், அந்த மண்டையோட்டைக் கொஞ்சம் மாத்துங்களேன்."

"அது நம்ம நல்ல இடம்டா."

"தெரியுது. ஆனாலும் நான் படுத்திருக்கறப்ப வேணாம்."

அவர் அதை மாற்றவில்லை. விரலெல்லாம் ரத்தப் பிசுபிசுப்பு. வேறு ஏதாவது பட்டனை அமுக்கி இடமே அழிந்துவிட்டால்? வயர்லெஸ்ஸின் கைப்பிடியை எடுத்தார். வாயில் முதலில் வந்தது வேறு ஒரு எண். பழக்கம். அதை அப்படியே விழுங்கிவிட்டுத் திரையைப் பார்த்து மேல் வரியையும் கீழ் வரியையும் ஒழுங்காகப் படித்தார்.

"மச்சானுக்கு அடி. தொடை கிழிஞ்சிருச்சு. எஞ்சின் நின்னுபோச்சு. பக்கத்துல யாரு இருக்கீங்க, சீக்கிரம் வாங்க."

பதில் சொன்னது ஸ்பீக்கர். வயர்லெஸ் இல்லாமலே கரைக்குக் கேட்கும்படி பேசுபவர் என்பதால் அந்தப் பெயர். இரட்டை எஞ்சின் போட்டின் டிரைவர். கடலில் அதைவிட வேகமானது அன்று எதுவும் இல்லை.

"வர்றேன்யா, கட்டுப் போட்டு வை. வர்றேன்."

தொடுவானத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி நகர்ந்தது. துண்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புள்ளி பெரிதாகவில்லை. இடப்பக்கமாகச் சரிந்து, சிறிதாகிக்கொண்டிருந்தது.

"ஸ்பீக்கர், எங்க போற?"

"உன்கிட்டதான்."

"நான் இங்க இருக்கேன், நீ தெக்கால போற!"

"யோவ் துண்டு, ஆளுக்கு அடிபட்டிருக்கறப்பக்கூடவா? நீ சொன்ன இடத்துல வெறும் மணலுய்யா. நான் அங்க போய்ப் பார்த்தவன். மணல் மேல நீ எதுக்கு நங்கூரம் போடப் போற? தெக்கால இருக்கற பழைய கல்லுலதானே நிக்கற? நான் அங்கதான் வர்றேன், போ."

துண்டுக்காரர் திரையின் பக்கம் குனிந்தார். எண்ணை மறுபடி படித்தார். அதே எண், அதே புள்ளி.

"இது நெசம். சத்தியமா இங்கதான் இருக்கேன்."

"போன மாசம்கூடச் சத்தியம் பண்ணினியே" என்று இன்னொரு போட் குறுக்கே வந்தது. "உன் சத்தியத்தை நம்பி நான் அரை டேங்க் டீசல் எரிச்சேன்."

"ஸ்பீக்கர் அண்ணே, அவர் வடக்குன்னா தெக்கேதான், விடுங்க" என்றது மற்றொரு குரல். யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. எல்லாருக்கும் மச்சானைப் பிடிக்கும். சீக்கிரம் போய்ச் சேரவேண்டும் என்ற அவசரத்தில்தான் எல்லாரும் அவரைத் தப்பாகத் திருத்திக்கொண்டிருந்தார்கள். புள்ளி மேலும் சிறிதானது. மச்சான் கண்களை மூடிக்கொண்டான். துண்டின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

மூன்றாவது தடவையும் படித்தார். குரல் உடைந்துவிட்டது. கடைசி எண்ணைச் சொல்லும்போது கிட்டத்தட்ட அழுகை.

அப்போது வயர்லெஸ்ஸில் ஒரு தையல் மெஷின் ஓடி, சட்டென்று நின்றது.

"ஸ்பீக்கர் அண்ணே, நான் பேசறேன்."

கடலில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் குரலை அவர்களில் பாதிப் பேர் இதுவரை கேட்டதில்லை.

"சொல்லும்மா தங்கச்சி."

"அவரு சொன்ன நம்பர் நெசம். போட்டைத் திருப்புங்க."

"எப்படிம்மா சொல்ற? அங்க மணலு..."

"மணலோ மண்ணாங்கட்டியோ எனக்குத் தெரியாது. அவரு பொய் சொன்னா ஒவ்வொரு தடவையும் வேற வேற நம்பர் வரும். வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? பொய்யை அவரால ரெண்டாந்தடவை சொல்ல முடியாது, மறந்துடுவாரு. இப்ப மூணு தடவை சொல்லிட்டாரு. மூணும் ஒண்ணு. கடைசிப் புள்ளி வரைக்கும் ஒண்ணு. என் தம்பி அங்கதான் கிடக்கான். திருப்புங்க."

ஸ்பீக்கர், தன் வாழ்நாளில் முதல்முறையாக, மெதுவாகப் பேசினார்.

"ஆமாய்யா. மூணும் ஒண்ணுதான்."

வெள்ளைப் புள்ளி நின்றது. அகலமானது. நடுவில் கறுப்பாக ஒரு மூக்கு முளைத்தது. துண்டுக்காரர் மச்சானின் கன்னத்தைத் தட்டினார். "கண்ணைத் தொற. உங்கக்கா வயர்லெஸ்ல பேசிட்டா. இனிமே நீ சாகறதுன்னா அவளைக் கேட்டுட்டுத்தான் சாகணும்."

இரட்டை எஞ்சின் போட் பக்கத்தில் வந்து ஒட்டியது. ஆட்கள் குதித்தார்கள். மச்சானை ஒரு பலகையில் கிடத்தி மாற்றினார்கள். ஸ்பீக்கர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே தன் போட்டிலிருந்த ஆழம் காட்டும் கருவியைப் பார்த்தார். பார்த்த தலை நிமிரவில்லை.

"யோவ். கல்லு!"

"ம்."

"இத்தனை வருஷமா இதும்மேலயா நின்ன?"

"முதல்ல அவனைக் கொண்டுபோய்ச் சேரு. அப்புறமா வாயைப் பொள."

சொன்னவிதத்தில் அதட்டல் இருந்தது. ஆனால் ஸ்பீக்கரின் வாய் பிளந்ததை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இடுப்புவரை ரத்தமாக நின்ற அந்த நிலையிலும் அதைப் பார்க்கத் தவறவில்லை. ஸ்பீக்கர் இரண்டு ஆட்களை உதவிக்கு விட்டுவிட்டுப் பறந்தார். அவர்கள் மீதிக் கயிற்றை அறுத்து எஞ்சினைக் கிளப்பினார்கள். நங்கூரம் கல்லின் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது.

மாலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தையல் போட்டாயிற்று, ரத்தம் ஏற்றியாயிற்று, பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். உள்ளே மச்சான் தூங்கிக்கொண்டிருந்தான். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய சேலையில் நூல் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்படியே எழுந்து ஓடிவந்திருக்கிறாள்.

"எல்லாரும் எழுதிக்கிட்டிருப்பாங்களோ?" என்று கேட்டார்.

"எதை?"

"நம்பரை."

"மூணு தடவை நிறுத்தி நிதானமாச் சொன்னா எழுதத் தெரியாதவன்கூட எழுதிக்குவான்."

அவர் தலையை ஆட்டினார். "கல்லைப் பார்த்து வாயடைச்சுப் போயிட்டாங்க, பார்த்தியா?" என்றார்.

"நான் எங்க பார்த்தேன்? கேட்டேன்."

"நீ பேசினதுக்கும்தான். ஸ்பீக்கரே மெதுவாப் பேசினான். அவன் பொண்டாட்டிகிட்ட சொன்னாக்கூட நம்பமாட்டா."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சேலையிலிருந்து ஒரு நூலை எடுத்துச் சுருட்டி, அவருடைய சட்டைப் பையில் போட்டாள்.

மறுநாள் மச்சான் கஞ்சி குடித்தான். டாக்டர் காலையில் வந்து பார்த்துவிட்டு, ஒரு வாரம் இருக்கட்டும் என்றார். துண்டுக்காரர் ஸ்பீக்கரின் ஆள் ஒருவனையும் ஒரு புது நங்கூரத்தையும் ஏற்றிக்கொண்டு வழக்கத்தைவிடத் தாமதமாகக் கிளம்பினார். காற்று குறைவு. தூரத்திலிருந்தே தெரிந்தது. அவருடைய கல்லைச் சுற்றி போட்டுகள் நின்றுகொண்டிருந்தன. சிறியது, பெரியது, பக்கத்துத் துறைமுகத்துப் போட்கூட ஒன்று. சில போட்டுகளில் மீன் ஏறிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் சிலர் கையைத் தூக்கினார்கள், சிலர் தூண்டிலைப் பார்த்துக்கொண்டார்கள். கூட வந்தவன், "வேற பக்கம் போயிடலாமா அண்ணே?" என்றான். அவர் எஞ்சினைக் குறைத்து, கூட்டத்தை ஒருமுறை மெதுவாகச் சுற்றி வந்தார். கடைசியாக வந்த ஒரு பச்சை போட்டில் ஒருவன் நங்கூரத்தைத் தூக்கிப் பிடித்து எறியத் தயாராக இருந்தான். துண்டுக்காரர் வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"பச்சை போட்டு, அங்க போடாத. கல்லு அந்தப் பக்கம் குடைஞ்சிருக்கு, உள்ள போனா வராது. கிழக்கால இறக்கமா இருக்கும், அங்க பிடிச்சா நிக்கும், எடுத்தா வரும். எல்லாரும் கேட்டுக்கங்க, கிழக்கால."

பச்சை போட்டில் இருந்தவன் நங்கூரத்தைக் கையில் பிடித்தபடியே தயங்கினான்.

"இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே" என்றது வயர்லெஸ்.

"கிழக்கால" என்று சொல்லிவிட்டு, கேபின் ஜன்னல் வழியே கையை நீட்டிக் காட்டினார். பச்சை போட் மெதுவாகத் திரும்பி, அவர் காட்டிய பக்கம் போய்ச் சேரும்வரை அந்தக் கை நீண்டபடியே இருந்தது.